நடுவில் பிரித்துப் பார்த்த புத்தகம்

நான் ஆறாவது வரை படித்தவன். ஆறாவதும் முழுசாக முடிக்கவில்லை. அப்படிப்பட்டவன் பாண்டியில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், மேல்படிப்புக்கு எந்தப் புத்தகம் சரி என்று பார்த்து வாங்கினேன். சுனாமி அலை வந்ததற்கு மறு வருசம், ஐப்பசி மழையில் நடந்தது. அதை எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு வேலை. தை பிறந்தால் பாத்தியை மிதித்துச் சமன் செய்வோம். புரட்டாசி வரை உப்பு வாருவோம். மழை இறங்கினால் அளம் முழுக்கத் தண்ணீர்தான். வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து, பனை ஓலை போட்டு மூடிவிட்டு எல்லோரும் ஊருக்குள் போய்விடுவார்கள். காவலுக்கு நான் மட்டும் இருப்பேன். மேட்டில் ஒரு கொட்டகை உண்டு. ஊரில் இருந்த வீட்டை மகள் போன பிறகு பூட்டிவிட்டேன். ஒரு ஆளுக்கு எதற்கு வீடு.

மனைவி இறந்தபோது மகள் ஒன்பதாவது படித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவள் சோறாக்குவாள், படிப்பாள். நான் அளத்துக்குப் போவேன், வருவேன். அதிகம் பேச மாட்டோம். பேசாமல் இருந்தாலும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற சத்தம் இருக்கும். பாத்திரச் சத்தம், பக்கம் புரட்டுகிற சத்தம். அது போன பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

அவள் அந்தப் படிப்புக்குப் போனதற்குக் காரணம் அலைதான். அலை வந்துபோன பிறகு ஜீப்பில் சில பேர் வந்தார்கள். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த படம் என்று ஒரு பெரிய தாளை ஜீப்பின் பானெட் மேல் விரித்து, எந்த இடம் எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். மகள் அப்போது காலேஜில் பூகோளம் கடைசி வருசம். லீவில் வீட்டில் இருந்தாள். போய் எட்டிப் பார்த்தாள். நான் போகவில்லை. உடைந்த வரப்பை அடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சொன்னாள், "நம்ம அளம் தெரியுதுப்பா. கட்டம் கட்டமா."

நான் "ம்" என்றேன்.

அடுத்த ஆனியில் தெற்கே ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊர். படிப்பின் பெயர் ரிமோட் சென்சிங். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "தொடாம, தூரத்துல இருந்தே ஒரு எடத்தப் பத்தித் தெரிஞ்சிக்கறதுப்பா" என்றாள். பஸ் ஏற்றிவிட்டேன். "போய்ட்டு வா" என்றேன். வேறு என்ன சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டலில் இருந்து போன் செய்வாள். ரோட்டோரம் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. அதை நடத்திய அம்மாவுக்கு ஒரு கால் வராது. மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே எல்லா வேலையும் செய்யும். பத்தாவது பாஸ். வாய் அதிகம். நான் பத்து மணிக்கு முன்பே போய் பெஞ்சியில் உட்கார்ந்துவிடுவேன்.

போன் வரும். "சாப்டியாப்பா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன். மழையா?" "மழை." "சரிப்பா." "சரிம்மா."

வைத்துவிடுவேன். பூத்தம்மா என்னையே பார்க்கும்.

"ஏண்ணா, ஆறு நாள் காத்துக் கெடந்து இவ்ளோதான் பேசுவியா? அதுல பாதி சாப்டியா, மீதி சாப்டேன்."

"வேற இன்னா பேசறது?"

"அத என்னக் கேட்டா? உம்பொண்ணு, உன் வாயி."

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மகள் "சாப்டியா" என்று கேட்கவில்லை.  "புரியலப்பா" என்றாள்.

"எது?"

"கிளாஸ்ல நடத்தறது எதுவும் புரியல. எல்லாம் இங்கிலீஷ். மத்த புள்ளைங்க தலைய ஆட்டுது, நானும் ஆட்டறேன். லைப்ரரில இருக்கற ஒரு புக்குக்கு முப்பது பேரு. எங்கைக்கு வர்றதேயில்ல. சொந்தமா ஒண்ணு இருந்தாக்கூடப் பரவால்ல."

"வாங்கிடு."

"இந்த ஊர்ல கெடைக்கல. பாண்டில கெடைக்கும்னு சொல்றாங்க. மூணு புக்கு பேரு சொல்றேன். எது இருக்குதோ வாங்கி அனுப்பு. ஆரம்பத்துல இருந்து சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்கணும்." அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "அதுவும் புரியலன்னா, பொங்கலுக்கு வந்தா நான் திரும்பிப் போவேனான்னு தெரியலப்பா."

எனக்கு உள்ளே என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோசம் வந்தது. பூட்டிய வீட்டைத் திறப்பது மாதிரி நினைப்பு வந்தது.

இங்கிலீஷ் பெயர்களை எனக்கு எழுதத் தெரியாது. போனைப் பூத்தம்மாவிடம் கொடுத்தேன். மகள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அது காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. வைத்த பிறகு தாளை என்னிடம் நீட்டி, "பத்திரம். இது நனைஞ்சா உம்பொண்ணு படிப்பு நனைஞ்சா மாதிரி" என்றது.

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டது. கீழ்புத்துப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் பாண்டி போனேன். கேட்டுக் கேட்டு அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் கல்லாவில் இருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். "போட்டுக்கினே வரலாம்" என்றார். பரவாயில்லை என்றேன். காலில் சேறு.

தாளைப் பார்த்தார். உள்ளே போய் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மூணும் இருக்குது. எது வேணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எது இருக்கிறதோ அது என்றுதான் அவள் சொன்னாள். மூன்றும் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வரை கேட்கவும் வழியில்லை.

"ஆரம்பத்துக்குப் படிக்கிறது" என்றேன்.

"மூணுமே ஆரம்பந்தான். படிக்கப்போறது யாரு?"

"பொண்ணு."

"அப்பாடா" என்றார். சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஒன்று தடி. வெளிநாட்டுப் புத்தகம். வழவழப்பான தாள். அட்டையில் பூமி உருண்டை. ஒன்று ஒல்லி. மூன்றாவது நடுத்தரம். அட்டை வெயிலில் வெளுத்திருந்தது. ரொம்ப நாளாக யாரும் வாங்காமல் கிடந்தது போல.

தடிப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. முதல் பக்கங்களில் நல்ல கலர் படங்கள். "இதுதான் இருக்கறதுலயே பெருசு" என்றார் கடைக்காரர். "இதைக் குடுங்க" என்றேன். பெண்ணுக்கு இருப்பதிலேயே பெரியதை வாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மரக்காணம் பஸ் நின்றது. ஏறவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்து புத்தகத்தை வெளியே எடுத்தேன்.

உப்பு வாங்க வருகிற ஆள் அம்பாரத்தின் மேலே பார்க்க மாட்டான். மேல் உப்பு வெயிலில் வெளுத்து, மழைத் தூறலில் கழுவி, எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அவன் முழங்கை வரை கையை உள்ளே விடுவான். நடுவில் இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிப்பான். கையைத் திறந்தால் உதிர வேண்டும். அப்போதுதான் பேச்சு. நானும் முப்பது வருசமாக அப்படித்தான் உப்பைப் பார்க்கிறேன். புத்தகத்தை மட்டும் மேலே பார்த்து வாங்கிவிட்டேன்.

நடுவில் பிரித்தேன். எழுத்து, கணக்கு, எழுத்து, கணக்கு. பத்து இருபது பக்கம் புரட்டினேன். ஒரு பக்கத்தில் பாதிக்குமேல் கணக்குக் குறிகள்தான். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் எது பாலம் என்று தெரியவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பிடித்தால் கட்டியாகவே நிற்கிற உப்பை எனக்குத் தெரியும்.

அவள் இதைப் பிரிப்பாள். இரண்டு நாள் பார்ப்பாள். மூடி வைப்பாள். பொங்கலுக்கு வருவாள். திரும்பிப் போக மாட்டாள்.

கடையிலேயே எனக்கு இது தெரிந்திருந்தது. கனத்தைக் கையில் தூக்கியபோதே தெரிந்திருந்தது. அதனால்தான் நடுவில் பிரிக்கவில்லை.

பஸ் கிளம்பிப் போனது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் தூறல் வந்தது. பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

"இன்னாங்க, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்றார் பெரியவர்.

"இத மாத்தணும்."

"ஏன்? கிழிஞ்சிருக்குதா?"

"இல்ல. நல்ல புத்தகம். எம்பொண்ணுக்கு ஆகாது."

"போய் அர மணிநேரத்துல படிச்சிட்டீங்களா?"

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அவர் மேலே கேட்கவில்லை. மற்ற இரண்டையும் மறுபடி எடுத்து வைத்தார். கடையில் வேறு ஆள் இல்லை. "நிதானமா பாருங்க" என்றார்.

ஒல்லிப் புத்தகத்தை நடுவில் பிரித்தேன். ஒரு கேள்வி, கீழே ஒரு பதில். ஒரு கேள்வி, ஒரு பதில். படமே இல்லை.

"அது பரீட்சைக்கு" என்றார். "எல்லாப் புள்ளைங்களும் அதத்தான் வாங்கிட்டுப் போவுதுங்க. மனப்பாடம் பண்ணா பாஸ் ஆயிடலாம்."

யோசித்தேன். பாஸ் ஆகவில்லை என்று அவள் சொல்லவில்லை. புரியவில்லை என்றுதான் சொன்னாள். கீழே வைத்தேன்.

மூன்றாவதை நடுவில் பிரித்தேன். கோட்டுப் படம் ஒன்று. மேலே சூரியன். அதில் இருந்து கோடு கீழே இறங்குகிறது. கீழே தண்ணீர், மண், மரம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றில் இருந்தும் கோடு திரும்பி மேலே போகிறது. மேலே ஒரு பெட்டி அதை வாங்கிக்கொள்கிறது. தண்ணீரில் இருந்து போகிற கோடு மெல்லிசு. மண்ணில் இருந்து போவது அதைவிடத் தடிமன்.

இது எனக்குத் தெரியும். நடுப்பகலில் வாரிய உப்பைப் பார்த்தால் கண் கூசும். பக்கத்துப் பாத்தித் தண்ணீரைப் பார்த்தால் கூசாது. தண்ணீர் வெயிலைக் குடித்துவிடும். உப்பு குடிக்காது, திருப்பி அடிக்கும். அந்தப் படத்தில் இதைத்தான் வரைந்திருந்தார்கள்.

அடுத்த பக்கம் புரட்டினேன். அதே படம். கூட ஒரு மேகம் மட்டும் சேர்த்திருந்தது. அதற்கடுத்து மறுபடி அதே படம், கூட இன்னொன்று. நாங்கள் வரப்பு வைப்பதும் இப்படித்தான். ஒரு கை மண் வைத்து, அது இறுகிய பிறகுதான் அடுத்த கை. எழுதினவர் யாரோ, அவசரப்படாத ஆள்.

"இதைக் குடுங்க."

"அது பழைய பிரிண்டுங்க. யாரும் கேக்கறதில்ல."

"பரவால்ல."

அன்றைக்கே அனுப்ப முடியவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது போஸ்ட் ஆபீஸ் மூடியிருந்தது. மறுநாள் முழுக்க மழை. கொட்டகையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லை. சுற்றிலும் தண்ணீர், ஓலை மூடிய அம்பாரம், தூரத்தில் ரோடு.

நடுவில் நாலு பக்கம் மட்டும் கலர். அதில் ஒன்று கடற்கரை. எந்த ஊரோ. பார்த்த உடனே உப்பளம் என்று தெரிந்துவிட்டது. கடல் தண்ணீரைக் கொண்டுவருகிற கழி உள்ளே வருகிற இடம், பெரிய கட்டங்கள், அதற்கு இந்தப் பக்கம் சின்னக் கட்டங்கள். எங்கே தண்ணீர் தேக்குகிறார்கள், எங்கே காய்ச்சுகிறார்கள், எங்கே வாருகிறார்கள் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். ஒன்றுதான் இடித்தது. கழியின் வாயிலேயே பெரிய சிவப்பு. கரையெல்லாம் சிவப்பு.

பாத்தியில் தண்ணீர் காய்ந்து காய்ந்து கடைசியில் சிவக்கும். சிவந்துவிட்டால் உப்பு இறங்கப்போகிறது என்று அர்த்தம். அது கடைசிப் பாத்தியில் நடக்கும். கடல் தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்தில் எப்படிச் சிவக்கும்? அந்த ஊர்க்காரனுக்கு ஏதோ வித்தை தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. வியாழக்கிழமை போஸ்ட் ஆபீஸில் கட்டி அனுப்பும்போது அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

புத்தகம் சனிக்கிழமை அவள் கைக்குப் போய்விட்டது. ஞாயிறு போன் வந்தது.

"புக்கு வந்திச்சிப்பா. சாப்டியா?"

"சாப்டேன். நடுவுல கலர் படம் இருக்குது பாரு. அளம்."

"இருப்பா, கையிலதான் வெச்சிருக்கேன்." பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது. "ம். இருக்குது."

"கழி வாயிலயே தண்ணி செவந்திருக்குதே. எப்படி?"

 சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"அப்பா, அது தண்ணி இல்ல. மரம்."

"மரமா? செவப்பாவா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு இருக்குதுப்பா. எல அத நெறையத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாதத படத்துல காட்டணும்னா ஏதாவது ஒரு கலரு குடுக்கணும்ல? செவப்பு குடுத்திருக்காங்க."

"பச்சையே குடுக்கலாமே."

"பச்சைய செவப்பு வெளிச்சத்துக்குக் குடுத்துட்டாங்கப்பா."

"ஏம்மா இப்படி எடம் மாத்தி மாத்தி வெக்கணும்?"

"சொல்றேன், கேளு."

சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் அவள் எங்கேயும் நிற்காமல் சொன்னாள் என்பது முழுசாகப் புரிந்தது. முன் வாரம் போனில் இருந்த குரல் இல்லை அது. பூத்தம்மா சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

வைத்த பிறகு கேட்டது, "இன்னாண்ணா, இன்னிக்கு உன் வாய்க்கு மழ விட்டுடுச்சா?"

"புத்தகம் சரியாத்தான் வாங்கியிருக்கேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

எழுந்து கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் நீளமாயின. புத்தகத்தில் இருந்து வாரம் ஒன்று எடுத்துச் சொல்வாள். நான் அளத்தில் இருந்து ஒன்று சொல்வேன். மார்கழி பாதியில் ஒரு ஞாயிறு, காலேஜ் கம்ப்யூட்டரில் எங்கள் கரையைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"நம்ம அளம் வெள்ளையா, கறுப்பா, கட்டம் கட்டமா தெரியுதுப்பா. மேற்கால கைவிட்டுப்போன பாத்தி எல்லாம் செவப்பு."

"வேலிகாத்தான் முள்ளு மரமா மண்டிக் கெடக்குது."

"அதான்."

"நம்ம கொட்டகை?"

"அது தெரியாதுப்பா. படத்துல ஒரு புள்ளின்றது நம்ம பாத்தி நாலு அளவு. அதுக்குள்ள இருக்கறது எல்லாம் சேந்து ஒரே கலராத்தான் தெரியும்."

"ஆளு?"

"ஆளு எப்படிப்பா தெரியும்."

"சரி" என்றேன்.

அவள் அதோடு வைக்கவில்லை. "அப்பா, பொங்கலுக்கு வரல. லீவுல வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. படத்துல பாத்தது நேர்லயும் அப்படித்தான் இருக்குதான்னு நடந்து பாக்கணுமாம். போகட்டுமா?"

"போ."

"நீ தனியா இருப்பியே."

"போம்மா. மழ விட்டுடுச்சி. வேல இருக்குது."

போனை வைத்தேன். பூத்தம்மா எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"வரலியா?"

"வரல."

"நீதான புக்கு வாங்கிக் குடுத்த. அனுபவி" என்றது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வந்தது.

பொங்கலன்றைக்கு ஊருக்குள் போகவில்லை. கொட்டகையிலேயே சோறாக்கலாம் என்று பார்த்தால் விறகு தீர்ந்துபோயிருந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு மேற்கே கைவிட்ட பாத்திகளுக்கு நடந்தேன். வேலிகாத்தான் தலைக்குமேல் நின்றது. ஒரு ஓரமாக ஆரம்பித்து வெட்டினேன். தேவைக்குமேல் வெட்டினேன். மத்தியானத்துக்குள் ஒரு பாத்தி அளவு மண் தெரிந்தது.

அவள் பார்க்கிற படத்தில் அவ்வளவு இடத்துச் சிவப்பு போயிருக்கும். அது ஒரு புள்ளியாக அவளுக்குத் தெரிய இன்னும் மூன்று பாத்தி வெட்ட வேண்டும். முள்ளை ஒரு பக்கம் ஒதுக்கினேன். விறகைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன்.